100ஆம் இலக்கப் பேருந்தும் ஒரு தம்நெயிலும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பேருந்துக்காக நிற்பவர் எவரும் அதன் பெயர்ப்பலகையை முழுவதும் வாசிப்பதில்லை. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஊர்ப்பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தாலும், தொலைவில் வரும்போதே அவருடைய கண் பிடித்துக்கொள்வது 100 அல்லது 101 என்ற இலக்கத்தை மட்டும்தான். அது எங்கே போகிறது, ஏறலாமா என்பதையெல்லாம் மிதிபலகையில் தொங்கியபடி "கொட்டுவ, கொட்டுவ" (கோட்டை) என்று கூவிக்கொண்டு வரும் நடத்துநர் சொல்லிவிடுகிறார். யூடியூப் காணொளிகளுக்குத் தம்நெயில் எனப்படும் முகப்புப்படம் செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு, அந்தத் தொழிலின் அரைவாசியைக் கற்றுக்கொடுத்தது இந்தக் காட்சிதான். முகப்புப்படம் இலக்கத்தின் வேலையைச் செய்ய வேண்டும். அதன் கீழே வரும் தலைப்பு நடத்துநரின் வேலையைச் செய்ய வேண்டும். நடத்துநர் கூவுவதையெல்லாம் பலகையிலும் எழுதினால், இலக்கத்துக்கு இடமில்லாமற் போய்விடும்.

இது எனக்கு உடனே விளங்கிவிடவில்லை. நான் பல ஆண்டுகள் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளனாக இருந்தவன். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் என்று என் கையால் போகாத வேலை இல்லை. அச்சுத் தொழிலில் இடம் என்பது காசு. ஒரு மூலையில் வெறுமையாக விட்டுவிட்டால், "இதில் இன்னும் ஒரு வரி போடலாமே" என்று வாடிக்கையாளர் கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். மரண அறிவித்தலில் மருமக்களின் பெயரில் ஒன்று விடுபட்டால் ஒரு குடும்பமே பேசாமல் விட்டுவிடும். ஆகவே நிரப்புவதே என் கைப்பழக்கமாகியிருந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் முகப்புப்படம் செய்ய வந்தேன்.

யூடியூப்பின் தொடக்க காலத்தில் இந்தத் தொழிலுக்கே இடமிருக்கவில்லை. 2005இல் அந்தத் தளம் தொடங்கியபின் சில ஆண்டுகள் வரை, காணொளியிலிருந்து தானாகத் தெரிவு செய்யப்படும் காட்சிகளுள் ஒன்றைத்தான் பெரும்பாலானவர்கள் முகப்பாக வைக்க முடிந்தது. காணொளியின் நட்டநடுவிலுள்ள காட்சி அந்தத் தெரிவில் வரும் என்பதைக் கண்டுகொண்ட சிலர், சம்பந்தமே இல்லாத கவர்ச்சியான படம் ஒன்றைச் சரியாக நடுவில் ஒரு கணம் செருகிவிடுவார்கள். ஆட்களை ஏமாற்றி உள்ளே இழுக்கும் வித்தை, முகப்புப்படம் செய்யும் வசதிக்கு முன்பே பிறந்துவிட்டது என்று இதை நினைத்து நான் சிரிப்பதுண்டு. இன்று எவரும் தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்திவிட்டுத் தம் விருப்பப்படி ஒரு படத்தை ஏற்றலாம்.

தெஹிவளையில் வசிக்கும் ஓர் அன்ரி சமையல் அலைவரிசை ஒன்றை நடத்துகிறார். மகன் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக் கொடுக்க, அவர் அடுப்படியிலிருந்து பேசிக்கொண்டே சமைப்பார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் அவருடைய ஒடியற் கூழ்க் காணொளிக்கு நான் செய்து கொடுத்த முதல் முகப்புப்படத்தை இன்றும் கணினியில் வைத்திருக்கிறேன். மேலே, "யாழ்ப்பாணத்துப் பாரம்பரிய ஒடியற் கூழ்" என்று ஒரு வரி. கீழே, "அம்மம்மாவின் கைப்பக்குவத்தில்" என்று இன்னொரு வரி. இடப்பக்க மூலையில் வட்டத்துக்குள் அன்ரியின் படம். வலப்பக்கம் அலைவரிசையின் சின்னம். சுற்றிவரப் பனையோலைப் பின்னல் போன்ற ஓரம். நடுவில், மேலிருந்து எடுத்த மண்சட்டி. இருபத்துநான்கு அங்குலத் திரையில் அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் அன்ரி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, வடிவாத்தான் செய்திருக்கிறீங்கள். ஆனா என்ர ஃபோன்ல பாக்கேக்க சட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டே தெரியேல்லை."

நானும் என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். கரிபிடித்த சட்டி, அதற்குள் மண்ணிறக் கூழ், சட்டிக்குக் கீழே மண்ணிற மேசை. எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, மழைக்காலத்து ஒழுங்கையிற் கிடக்கும் குழி மாதிரித் தெரிந்தது. எழுத்துகளை வாசிக்க வேண்டுமானால் தொலைபேசியை மூக்குக்கு முன்னால் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்கே போனேன். காணொளியிலிருந்து ஒரு காட்சியை வெட்டி எடுப்பதை விட்டுவிட்டு, முகப்புக்கென்றே தனியாகப் படமெடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் கூழை வார்த்து, நண்டுக் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அவர் ஒரு கையில் பிடித்துக்கொண்டார். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலுமிருந்து வரும்படி அவரை நிறுத்தி, பின்னணியில் ஒரு கறுப்புச் சாரத்தைத் தொங்கவிட்டோம். ஆவி என்பது வெளிச்சம் பின்னாலிருந்து வந்து, பின்னணியும் இருட்டாக இருந்தால்தான் படத்தில் விழும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு கொதித்தாலும் தெரியாது. இலையின் பச்சைக்கு எதிராகக் கூழின் செம்மண் நிறம் தானாகவே எடுத்துக் காட்டியது. எழுத்தாக நான் வைத்தது "கூழ்" என்ற ஒரே சொல். யாழ்ப்பாணம், ஒடியல், அம்மம்மா ஆகிய மூவரையும் தலைப்பு பார்த்துக்கொண்டது. அன்ரியின் அலைவரிசையில் அதுவரை வந்தவற்றுள் மிக அதிகமானோர் பார்த்தது அந்தக் காணொளியைத்தான். சமையல் அதேதான், சட்டியும் அதேதான்.

அன்றிலிருந்து எந்தப் படத்தையும் அனுப்புவதற்கு முன் அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பார்க்கிறேன். நான் படம் செய்யும் அளவு 1280க்கு 720 புள்ளிகள், அதாவது 16க்கு 9 என்ற விகிதம். அதைப் பத்திலொன்றாக்கினால் 128 புள்ளி அகலம்தான் வரும், தீப்பெட்டியிலும் சிறிது. அந்த அளவில் எது தெரிகிறதோ அதுதான் படத்தில் உண்மையில் இருக்கிறது. மற்றதெல்லாம் என் மனத்திருப்திக்காக வைத்தது. இன்னொரு சோதனையையும் செய்வேன். காணொளியின் பொருளை யூடியூப்பில் தேடி, வரும் பட்டியலைத் திரைப்பிடிப்பாக எடுத்து, அதற்குள் என் படத்தையும் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பேன். தமிழ்ச் செய்தி அலைவரிசைகளின் பட்டியலை இப்படிப் பார்த்தால் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகச் சித்திரைத் தேர் போல இருக்கும். அங்கே இன்னும் ஒரு சிவப்பு மஞ்சள் போட்டால் யார் கவனிக்கப்போகிறார்கள்? ஒருமுறை சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு மனிதரின் முகத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். கூட்டத்துக்குள் பேசாமல் நின்றவரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பது போல அது தனித்துத் தெரிந்தது.

படத்தின் வலது கீழ் மூலையை எவருக்கும் கொடுக்கக் கூடாது. காணொளியின் நேரத்தைக் காட்டும் சிறு பெட்டி அங்கேதான் வந்து குந்தும். செட்டியார் தெரு நகைக்கடைகளைப் பற்றிய ஒரு காணொளிக்கு நான் பவுண் விலையைப் பெரிய இலக்கத்தில் சரியாக அந்த மூலையிலேயே வைத்துவிட்டேன். விலையின் கடைசி மூன்று பூச்சியங்கள் அந்தப் பெட்டிக்குள் மறைந்துபோயின. அவ்வளவு மலிவாகப் பவுண் விற்பதைக் கண்டு வந்தவர்கள் எத்தனை பேரோ எனக்குத் தெரியாது. அலைவரிசைக்காரர் என்னைக் கேட்ட கேள்விகள் மட்டும் நினைவிருக்கின்றன.

இனித் தமிழ் எழுத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் ஆயிரம் கிடைக்கின்றன. அவை எல்லாம் "மூன்று நான்கு சொற்களோடு நிறுத்துங்கள்" என்று ஒரே குரலில் சொல்கின்றன. அது நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுடைய மூன்று சொற்கள் நம்மிடம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். அந்த ஒரு சொல் படத்தின் அகலத்தையே தின்றுவிடும். "சாப்பிடக்கூடாதவர்கள்" என்பதை ஒரே வரியில் எழுதினால் எழுத்து எறும்பளவாகும். இரண்டாக முறித்தால் வாசிப்பவருக்கு முதலில் கிடைப்பது "சாப்பிடக்கூடா" மட்டுமே. ஆகவே சொற்களை எண்ணுவதை விட்டு எழுத்துகளை எண்ணுகிறேன். ஐந்தாறு எழுத்துகளுக்குள் அடங்கும் பெயர்ச்சொல்லோ ஏவலோ கிடைத்தால் அதோடு நிறுத்திவிடுவேன். கூழ், தடை, விலை, திரும்பாதே: நம் மொழியில் குட்டைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது புள்ளி. எழுத்தைத் தடிப்பாக்கி, அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஒன்றையும் போட்டால், மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி அந்தக் கோட்டுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. "கல்" என்பது "கல" ஆகிறது. "பால்" என்பது "பால" ஆகிப் பெயர் மாறிப் போகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையிலுள்ள சுழி அடைபட்டுத் "தேன்" என்பதைத் "தென்" என்று வாசிக்க நேர்கிறது. "ழ" என்பதும் "மு" என்பதும் சிறிய அளவில் ஒன்றையொன்று ஒத்துக்கொள்கின்றன. ஆகவே மிகத் தடித்த எழுத்துருவை நான் தவிர்க்கிறேன். இலவசமாகக் கிடைப்பவற்றுள் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவற்றின் நடுத்தரத் தடிப்புகள் எனக்குப் பெரும்பாலும் போதுமாக இருக்கின்றன. சிறுவர் காணொளிகளுக்குப் பலூ தம்பியின் உருண்டை எழுத்து நன்றாகப் பொருந்தும். எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவதைவிட, எழுத்துக்குப் பின்னால் படத்தையே சற்று இருட்டாக்கிவிட்டால் புள்ளி பிழைத்துக்கொள்ளும்.

இதிலும் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. இலங்கையில் அச்சகத்தில் வேலை பழகிய எங்களுக்கெல்லாம் தாய்ப்பால் பாமினி எழுத்துருதான். அதில் "கொ" என்று எழுத வேண்டுமானால் முதலில் கொம்பையும், பிறகு "க"வையும், அதன்பின் "ா" என்ற அரவையும் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டுவோம். இன்று கணினிகளும் தொலைபேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோட் குறிமுறை அப்படியன்று. அதில் "க"வுக்குப் பின்னால்தான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் தம் வழக்கமான அமைப்பில் அதைச் செய்யவில்லை. யூனிகோடுக்கு மாறிய முதல் மாதத்தில், இரவு பதினொரு மணிக்கு அவசரமாகக் கேட்கப்பட்ட ஒரு படத்தில் "கொட்டாஞ்சேனை" என்று தட்டினேன். அந்த ஊர்ப்பெயரில் கொகரம், சேகாரம், னைகாரம் மூன்றும் இருக்கின்றன. மூன்றின் கொம்புகளும் தத்தம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்தன. கண் சொருகிக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்காமலே அனுப்பிவிட்டேன். இலண்டனிலிருந்த அலைவரிசைக்காரரும் அப்படியே ஏற்றிவிட்டார். காலையில் எழுந்து பார்த்தபோது, பத்து வருடம் நான் வேலை பார்த்த ஊரின் பெயரையே எனக்கு எழுதத் தெரியாது என்று எவரோ கருத்துரைத்திருந்தார். அந்தப் பதிப்புகளில் இதற்கான மாற்று எளிது. விருப்பத்தெரிவுகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், மத்திய கிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கி, பத்தி அமைப்பில் உலகமொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கொம்புகள் தம் இடத்துக்கு வந்துவிடும். எவ்வளவோ பேர் இதை அறியாமல் இன்றும் பாமினியிலேயே மாரடிக்கிறார்கள்.

முகங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாயைப் பிளந்து, கன்னத்தில் கை வைத்து, எதையோ கண்டு திகைத்தது போல நிற்கும் படங்கள் வேலை செய்வதுண்டு. ஆனால் புளிப்பு மாங்காய் சாப்பிடுவதற்கும் விமான விபத்துக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டால் பார்ப்பவர் எதை நம்புவார்? கண் தெளிவாகத் தெரிய வேண்டும், அது பொருளை நோக்கியோ நம்மை நோக்கியோ இருக்க வேண்டும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

என் தொழிலில் நான் வெட்கப்படும் படம் ஒன்றும் உண்டு. ஒரு செய்தி அலைவரிசை, கொழும்பில் பெய்த கடுமழை பற்றிய காணொளிக்கு "மூழ்கியது கொழும்பு" என்ற வாசகத்தோடு படம் கேட்டது. அன்று உண்மையில் நடந்தது சில வீதிகளில் முழங்காலளவு நீர் நின்றதுதான். அது வருடத்துக்கு இரண்டு முறை நடப்பது. நான் 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவைப் பக்கம் எடுக்கப்பட்ட, கூரைவரை நீர் நிற்கும் படமொன்றை எடுத்து வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் எண்ணிக்கை எகிறியது. அதே இரண்டு மணித்தியாலத்தில், ரொறன்ரோவிலிருந்து என் சித்தி அழுதபடி தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எல்லாரும் மேல்மாடிக்குப் போயிட்டீங்களோ?" என்று கேட்டார். அந்தப் படத்தைச் செய்தது நான்தான் என்று அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அறத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரமாகப் பார்த்தாலும் அது முட்டாள்தனம். அந்தக் காணொளியின் பார்வை வரைபடத்தை அலைவரிசைக்காரர் எனக்கு அனுப்பியிருந்தார். முதல் அரை நிமிடத்துக்குள் கோடு கிணற்றுக்குள் வாளி விழுந்தது போல இறங்கியிருந்தது. கூரைவரை நீரைத் தேடி வந்தவர்கள் முழங்காலளவு நீரைக் கண்டதும் போய்விட்டார்கள். யூடியூப் 2012ஆம் ஆண்டிலேயே பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டு, பார்க்கப்பட்ட நேரத்துக்கு முதன்மை கொடுக்கத் தொடங்கிவிட்டது. உள்ளே வந்தவர் உடனே ஓடினால், அந்தக் காணொளியை மற்றவர்களுக்குக் காட்ட அதற்கு என்ன காரணம் இருக்கப்போகிறது? 2024 டிசெம்பரில், உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் முகப்பிலும் சொல்லி ஏமாற்றும் காணொளிகளை, குறிப்பாக உடனடிச் செய்திகள் தொடர்பானவற்றை, இந்தியாவில் அகற்றத் தொடங்கப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. அதைப் படித்தபோது எனக்குச் சித்தியின் குரல்தான் காதில் கேட்டது.

எண்களைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தங்கள் காணொளியைச் சொடுக்குவோர் நூற்றுக்கு நான்கு பேர்தானே என்று கவலையோடு அனுப்புவார்கள். அலைவரிசைகளிலும் காணொளிகளிலும் பாதியளவு 2 முதல் 10 வீதத்துக்குள்தான் நிற்கின்றன என்று யூடியூப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. படம் பாதியளவாவது திரையில் தெரிந்து ஒரு விநாடிக்கு மேல் நின்றால்தான் அதை ஒரு காட்டுதலாகவே கணக்கிடுகிறார்கள். அதோடு, ஒரு காணொளி நன்றாக ஓடி வெளியாட்களுக்கும் காட்டப்படத் தொடங்கும்போது இந்த வீதம் குறைவதே இயல்பு. சொந்தக்காரர் மட்டும் வரும் கலியாணத்தில் எல்லாரும் சாப்பிடுவார்கள். ஊரையே அழைத்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆகவே வீதம் விழுந்ததைக் கண்டதும் நள்ளிரவில் படத்தை மாற்றச் சொல்லி எனக்கு எழுதுபவர்களை, இரண்டு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒழுங்கான வழி இப்போது இருக்கிறது. ஒரே காணொளிக்கு மூன்று முகப்புப்படங்கள் வரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை யூடியூப் 2024இல் பரவலாகத் திறந்துவிட்டது. எது அதிகச் சொடுக்குகளைப் பெற்றது என்பதைப் பார்க்காமல், எந்தப் படத்தின் வழியே வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே அது வெற்றியைத் தீர்மானிக்கிறது. கூரைவரை நீரின் படத்தை அதில் போட்டிருந்தால் தோற்றுத்தான் போயிருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் கொடுத்தால் விடை ஒன்றும் வராது. உண்மையிலேயே வேறுபட்ட எண்ணங்களாக அவை இருக்க வேண்டும்.

இந்தக் கிழமை அன்ரி பிட்டு அவிக்கிறார். இப்போதெல்லாம் சமையலைத் தொடங்குவதற்கு முன்பே முகப்புப்படத்தை எடுத்து அனுப்பிவிடுகிறார். கறுப்புச் சாரம் அவருடைய அடுப்படிக் கதவில் நிரந்தரமாகத் தொங்குகிறது. மூன்று படங்கள் வந்திருக்கின்றன. முதலாவதில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி சாய்ந்து, பிட்டு உதிர்ந்து விழும் கணம். இரண்டாவதில் தேங்காய்ப்பூ தூவும் விரல்கள். மூன்றாவதில் அவருடைய பேரன் இரு கன்னமும் உப்ப வாய் நிறைய வைத்துக்கொண்டிருக்கிறான். எழுத்து என்ன போடுவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. நான் "பிட்டு" என்கிறேன். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் "புட்டு" என்றால்தான் விளங்கும் என்கிறான் மகன். "எங்கட வீட்டில அவிக்கிறது பிட்டு. அவைக்கு விளங்காட்டிப் படத்தைப் பாக்கட்டும்" என்று அன்ரி சொல்லிவிட்டார். மூன்றையும் எழுத்தே இல்லாமல் ஒப்பீட்டுக்குப் போட்டிருக்கிறேன். முடிவு வர இரண்டு கிழமைகள்வரை ஆகலாம். என் பந்தயம் பேரனின் கன்னத்தின் மேல்.